கடலோர ஊரில் சுருட்டைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி?

சுருட்டுப் பாதுகாப்பு பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் முக்கால்வாசி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும். காற்று காய்ந்து கிடக்கும். சுருட்டு உலர்ந்து மேலிலை வெடிக்கும். ஆகவே ஈரத்தை எப்படிச் சேர்ப்பது என்பதிலேயே அவர்கள் கவனம் இருக்கிறது. சென்னையில் இருந்துகொண்டு அதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தால் ஐப்பசி முடிவதற்குள் பெட்டிக்குள் பூஞ்சணம் பூத்துவிடும். நமக்கு இரண்டு தொல்லைகள்: ஈரம் கூடுவது, வெப்பம் கூடுவது. உலர்ந்துபோவது மூன்றாவதுதான், அதுவும் ஏசி அறையில் மட்டும்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

புகைப்பது உடம்புக்குக் கேடு. யாரையும் புதிதாகத் தொடங்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த பெட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பவர்களுக்கும் இது. கியூபா, டொமினிக்கன் குடியரசு, நிகராகுவா, ஹோண்டுராஸ் போன்ற இடங்களிலிருந்து வரும் கையால் சுற்றிய சுருட்டைப் பற்றித்தான் பேசுகிறேன். உறையூர்ச் சுருட்டுக்கும் யாழ்ப்பாணச் சுருட்டுக்கும் இவ்வளவு சீராட்டு தேவையில்லை. அவற்றை இவற்றோடு ஒரே பெட்டியில் போடவும் கூடாது. புகையிலை பக்கத்திலிருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும்.

1. முதலில் ஓர் எண்ணை முடிவு செய்யுங்கள்

ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது) 70 சதவீதம், வெப்பம் 21 டிகிரி என்பது பழைய கணக்கு. நம் ஊரில் 21 டிகிரியை வருடம் முழுக்கப் பிடித்து வைப்பது மின்வாரியத்துக்கு நேர்த்திக்கடன் செலுத்துவதுதான். வெப்பத்தைக் குறைக்க முடியாத இடத்தில் ஈரத்தைக் குறைத்துவிடுங்கள். 65 சதவீதம் நல்ல எண். பகலில் ஏசி இல்லாத வீடு என்றால் 62. இந்த அளவில் சுருட்டு சீராக எரியும், நடுவில் அணைந்து அணைந்து தொல்லை தராது, பூஞ்சணத்துக்கும் இடம் கிடைக்காது. 72-க்கு மேல் போனால் கவலைப்படுங்கள். 60-க்குக் கீழே சில நாள் இறங்கினால் பதறத் தேவையில்லை. உலர்ந்ததை மெதுவாக மீட்டுவிடலாம், பூஞ்சணம் பிடித்ததை மீட்க முடியாது.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஈரமானி அளப்பது பெட்டிக்குள் இருக்கும் காற்றை, இலையை அல்ல. பத்து லிட்டர் பெட்டியை 30 டிகிரியில் 65 சதவீதத்தில் வைத்தால் அதன் காற்றில் இருக்கும் நீராவி வெறும் 0.2 கிராம். ஆனால் அதே பெட்டியில் இருக்கும் 25 சுருட்டின் இலைகளில் அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் தண்ணீர் இருக்கிறது. காற்று சில மணி நேரத்தில் மாறிவிடும். இலை மாற வாரக்கணக்கில் ஆகும். மானியில் எண் இரண்டு கூடிவிட்டது, ஒன்று குறைந்துவிட்டது என்று நாளுக்கு நான்கு முறை பெட்டியைத் திறந்து வைத்தியம் பார்ப்பவர்கள்தான் கெடுத்துக்கொள்கிறார்கள்.

2. ஈரமானி வாங்கி, உப்பு வைத்துச் சோதியுங்கள்

சுருட்டு வாங்குவதற்கு முன் இதை வாங்க வேண்டும். மரப்பெட்டி மூடியில் பதித்து வரும் பித்தளை முள் மானியை அலங்காரமாக மட்டும் பாருங்கள். பத்து சதவீதம் தப்பாகக் காட்டினாலும் வியப்பில்லை. டிஜிட்டல் மானி இரண்டு வாங்குங்கள். உச்ச, தாழ் எண்களை நினைவில் வைத்துக்கொள்ளும் வகை என்றால் நல்லது. புளூடூத்தில் செல்பேசிக்கு எண் அனுப்பும் வகை இன்னும் நல்லது, பெட்டியைத் திறக்காமலே பார்த்துவிடலாம்.

புது மானி சரியாகத்தான் காட்டும் என்று நம்பிவிடாதீர்கள். அட்டையிலேயே மூன்று சதவீதம் கூடலாம் குறையலாம் என்று போட்டிருப்பார்கள். சோதனைக்கு வேண்டியது சமையலறையிலேயே இருக்கிறது. தண்ணீர் பாட்டில் மூடி ஒன்றில் அரை டீஸ்பூன் தூள் உப்பு போடுங்கள். மேலே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு விரலால் குழையுங்கள். அலை வந்து போன இடத்து மணல்போல, அழுத்தினால் ஈரம் கசியாமல் நனைந்து நிற்க வேண்டும். உப்பு கரைந்து மேலே தண்ணீர் நின்றால் அதிகம்; இன்னும் கொஞ்சம் உப்பு சேருங்கள். மூடியையும் மானியையும் ஒரு ஜிப் பையில் வைத்து, உப்பு மானியில் படாமல், காற்றோடு மூடி, வெயிலும் ஏசியும் படாத இடத்தில் ஒரு நாள் விட்டுவிடுங்கள். உப்புக் குழைவுக்கு மேலே உள்ள காற்று 75 சதவீதத்தில் வந்து நிற்கும். இது இயற்பியல், கடைக்காரர் வாக்குறுதி இல்லை. பையைத் திறக்காமல் வெளியிலிருந்தே எண்ணைப் படியுங்கள். 71 காட்டினால் அந்த மானி நான்கு குறைத்துக் காட்டுகிறது என்று பொருள். மானியின் பின்புறம் ஒரு சீட்டில் ‘+4’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

கல் உப்பு வேண்டாம். அதிலுள்ள மெக்னீசிய உப்புகள் எண்ணைக் கீழே இழுத்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கடற்காற்றில் மானிகள் மெல்லத் தடம் மாறும்.

3. பெட்டி: மரத்துக்கு ஆசைப்படாதீர்கள், இப்போதைக்கு

சுருட்டு வைப்பதற்கென்றே செய்த, ஹியூமிடர் என்னும் பளபளக்கும் மரப்பெட்டியைப் பார்த்தால் எல்லோருக்கும் ஆசை வரும். எனக்கும் உண்டு. ஆனால் மரப்பெட்டி காற்றை முழுக்க அடைக்காது. வெளியே 80 சதவீதம் இருக்கும் ஊரில் அந்தக் கசிவு ஈரத்தை உள்ளேதான் தள்ளும். முதல் வருடம் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துப் பழகுங்கள்.

பாத்திரக் கடையில் நான்கு பக்கமும் கிளிப் போட்டு மூடும், மூடியின் உள்விளிம்பில் சிலிக்கோன் வளையம் உள்ள சாப்பாட்டு டப்பா கிடைக்கும். ஐந்து முதல் பத்து லிட்டர் அளவு போதும். கடையிலேயே மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பிளாஸ்டிக் நெடி அடித்தால் வேறு எடுங்கள். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவி இரண்டு நாள் திறந்தே காய விடுங்கள். பிறகு வெறும் டப்பாவை மூடி வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடியுங்கள். குமிழி வந்தால் அது சுருட்டுக்கு ஆகாது, முறுக்கு வைத்துக்கொள்ளலாம்.

டப்பாவின் அடியில் ஸ்பானிய சிடார் பலகை இரண்டு போடுங்கள். பழைய சுருட்டுப் பெட்டியைப் பிரித்தாலே கிடைக்கும். பெயரில்தான் சிடார், உண்மையில் மகோகனி, வேம்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். ஈரத்தை வாங்கிக் கொடுக்கும், வாசனையும் சுருட்டுக்குப் பொருந்தும். கைக்குக் கிடைத்த தேக்குத் துண்டையோ பைன் பலகையையோ போடாதீர்கள். எண்ணெய் நெடியும் பிசின் நெடியும் ஏறும். டப்பாவில் பாதி இடம் காலியாக இருந்தாலும் சிடார் பலகையாலேயே நிரப்புங்கள். வெறும் காற்று வெப்பத்துக்குத் தக்கபடி தாவும்; இலையும் மரமும் நிறைந்த பெட்டி அவ்வளவு எளிதில் அசையாது.

4. ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பொட்டலம்

இங்கேதான் காசு வீணாகிறது.

பச்சை நுரை வைத்த வட்டக் குப்பி, மணிமணியாக ஜெல் நிரப்பிய ஜாடி எல்லாம் ஈரத்தைக் கொடுப்பதற்கென்றே செய்தவை. கூடுதல் ஈரத்தை வாங்கிக்கொள்ளும் திறன் அவற்றுக்குக் குறைவு. மழைக்காலச் சென்னையில் அதை டப்பாவில் வைப்பது நனைந்தவன் தலையில் தண்ணீர் ஊற்றும் வேலை. மறுபக்கம், கேமராவுக்கு வைக்கும் சாதாரண சிலிக்கா ஜெல் எல்லா ஈரத்தையும் உறிஞ்சிவிடும். ஒரே வாரத்தில் மேலிலை பொரிந்துபோகும்.

வேண்டியது இருபக்கமும் வேலை செய்யும் பொட்டலம். நீராவி மட்டும் போய்வரக்கூடிய சவ்வுக்குள் உப்புக் கரைசல் இருக்கும். காற்று காய்ந்தால் கொடுக்கும், ஈரம் கூடினால் வாங்கும். போவேடா என்ற பெயரில் வருவதுதான் பரவலாகக் கிடைக்கிறது. 62, 65, 69, 72 என்று எண் போட்டு வரும். பெட்டி கொள்ளும் ஒவ்வொரு 25 சுருட்டுக்கும் 60 கிராம் பொட்டலம் ஒன்று என்பது அவர்கள் சொல்லும் அளவு. கூடுதலாக வைத்தால் கெடாது, ஈரமும் கூடிவிடாது. எண் எதுவோ அதில்தான் நிற்கும்.

கடைக்காரர் 69-தான் எல்லோரும் வாங்குகிறார்கள் என்பார். அது கசியும் மரப்பெட்டிக்கும் குளிர்நாட்டுக்கும் சரி. காற்று புகாத டப்பாவுக்கு 65 அல்லது 62 கேளுங்கள், இல்லையென்றால் காத்திருங்கள். வெவ்வேறு எண்ணுள்ள பொட்டலங்களை ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். ஒன்று கொடுக்க, மற்றொன்று வாங்க, இரண்டும் சீக்கிரம் தீர்ந்துபோகும். பொட்டலத்தின் மேலுள்ள தெளிவான பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு வையுங்கள். கழற்றாமல் வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று திட்டுபவர்கள் நிறையப் பேர்.

பொட்டலம் எப்போது தீர்ந்தது என்பதைக் கையால் தெரிந்துகொள்ளலாம். விரலுக்குக் கூழ்போல் நெகிழ்ந்து கொடுத்தால் உயிரோடு இருக்கிறது. உள்ளே சில்லுச் சில்லாக உறைந்து விறைத்துவிட்டால் கொடுக்க ஈரம் இல்லை. குளிர்நாட்டுக் குறிப்புகளில் இதோடு முடித்துவிடுவார்கள். நம் ஊரில் எதிர்ப்பக்கமும் நடக்கும்: பொட்டலம் ஈரத்தை வாங்கி வாங்கி உப்பிப் போகும். கிண்ணென்று தலையணைபோல் நிற்கும் பொட்டலம் இனி எதையும் வாங்காது. அப்படியானால் டப்பா கசிகிறது, அல்லது நீங்கள் ஈரமான சுருட்டை உள்ளே வைத்திருக்கிறீர்கள். எது என்று பார்த்துச் சரிசெய்துவிட்டுப் புதுப் பொட்டலம் போடுங்கள்.

விறைத்த பொட்டலத்தைத் தண்ணீரில் ஊற வைத்து மீட்பதாகச் சிலர் சொல்வார்கள். தயாரிப்பாளர் அதைப் பரிந்துரைப்பதில்லை. செய்தே தீருவேன் என்றால் வடிநீரில் மட்டும். பெட்ரோல் பங்கில் ‘பேட்டரி தண்ணீர்’ என்று விற்பது பெரும்பாலும் தாது நீக்கிய நீர். கேனும் எப்படி இருந்ததோ தெரியாது. அதை நான் தொடமாட்டேன். போர்வெல் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

5. வீட்டில் எந்த இடம்?

படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டு. இரவில் ஏசி ஓடும் அறை என்றால் சிறப்பு. ஏசி காற்று நேராக அடிக்கும் இடம் வேண்டாம். மேற்குச் சுவர், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரண், ஃபிரிட்ஜ் தலை, இன்வெர்ட்டர் பக்கம் எல்லாம் கூடாது.

பீரோவில் வைக்க நினைத்தால் முதலில் மோப்பம் பிடியுங்கள். பட்டுப் புடவைக்கு நடுவே அந்துருண்டை போட்டிருப்பார்கள். அந்த நெடி சுருட்டில் ஏறினால் இறங்கவே இறங்காது. பூஜை அலமாரியும் அப்படித்தான்: கற்பூரம், சாம்பிராணி, ஊதுபத்தி. குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டுள்ள தட்டு அவசியம்.

பகலில் அறை 33, 34 டிகிரிக்கு ஏறும் வீடு என்றால், டப்பாவைத் தெர்மாக்கோல் பெட்டிக்குள் வையுங்கள். தடுப்பூசியும் இன்சுலினும் அந்தப் பெட்டிகளில்தான் மருந்துக்கடைக்கு வருகின்றன. தெரிந்த கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். இரவு ஏசியில் குளிர்ந்த பெட்டி பகல் முழுக்க மெதுவாகத்தான் சூடேறும். மின்வெட்டுக்கும் இது காப்பு.

இனிச் சொல்வதை எந்தக் குளிர்நாட்டுக் குறிப்பிலும் நான் பார்த்ததில்லை. ஏசி அறையிலிருந்து கூடத்துக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதல்லவா? அதுவே சுருட்டுக்கும் நடக்கும். வெளியே 31 டிகிரியும் 75 சதவீத ஈரமும் இருந்தால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின்மீதும் பனி படியும். ஏசி அறையில் 24 டிகிரியில் இருந்த டப்பாவைக் கூடத்து மேசையில் கொண்டுவந்து திறந்தால் மேலிலைமீது கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்துவிடும். மானி ஒழுங்காக 65 காட்டிக்கொண்டிருக்க, பூஞ்சணம் மட்டும் எங்கிருந்தோ வரும் மர்மம் பல வீடுகளில் இதுதான். ஏசி அறைக்குள்ளேயே திறங்கள், வேண்டியதை எடுங்கள், மூடுங்கள். எடுத்த சுருட்டை ஒரு ஜிப் பையில் போட்டு வெளியே கொண்டுபோய், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பையைத் திறங்கள்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கூடாது. மீன் குழம்பு ஒரு காரணம். ஃபிரிட்ஜின் காற்று மிக உலர்ந்தது என்பது இன்னொரு காரணம். வெளியே எடுக்கும்போதெல்லாம் பனி படியும் என்பது மூன்றாவது.

6. வாங்கும்போது பார்க்க வேண்டிய காகிதங்கள்

ஈரத்துக்கும் பில்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சுருட்டு உங்களிடம் வருவதற்கு முன் எங்கே, எந்த வெயிலில் கிடந்தது என்பதற்கு அந்தக் காகிதம் ஒன்றுதான் சாட்சி.

இந்தியாவில் சட்டப்படி விற்கும் பெட்டியில் 85 சதவீதப் பரப்பை அடைக்கும் பட எச்சரிக்கையும், இறக்குமதியாளர் விவரமும், அதிகபட்ச சில்லறை விலையும் இருக்க வேண்டும். இவை இல்லாமல் மலிவாகக் கிடைத்தால் கடத்தல் சரக்கு அல்லது போலி. இரண்டும் இல்லை என்றாலும் எந்தக் கன்டெய்னரில் எத்தனை மாதம் வெந்ததோ. பில் கேளுங்கள், கொடுக்கத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

கியூபப் பெட்டி என்றால் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். தொழிற்சாலைக் குறியீடும், பெட்டியில் அடைத்த மாதமும் வருடமும் மையால் முத்திரையிட்டிருக்கும். மாதம் ஸ்பானிய மொழிச் சுருக்கத்தில் இருக்கும். முன்பக்கம் ஒட்டியுள்ள பச்சை உத்தரவாதச் சீட்டின் பார்கோடு எண்ணை, கியூபச் சுருட்டை விற்கும் ஹபானோஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அடைத்த தேதியை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

வெளிநாட்டிலிருந்து வரும்போது தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடியது 25 சுருட்டு, அல்லது 100 சிகரெட், அல்லது 125 கிராம் புகையிலை. இந்த ‘அல்லது’வில்தான் மாட்டிக்கொள்வார்கள். மூன்றில் ஒன்றுதான், மூன்றும் அல்ல. பொதுவாக ஒரு பெட்டியில் 25 இருக்கும். ஒரு பெட்டியோடு கணக்கு முடிந்தது. அதற்கு மேல் இருந்தால் விமான நிலையச் சுங்கத்தின் சிவப்பு வழியில் சென்று அறிவித்துத் தீர்வை கட்ட வேண்டும். வாங்கிய பில்லைக் கையில் வைத்திருங்கள். இல்லாவிட்டால் விலையை அதிகாரி மதிப்பிடுவார். பயணத்துக்கு முன் விதி மாறியிருக்கிறதா என்று சுங்கத்துறை தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

வழியில் சிங்கப்பூரில் இறங்கி உறவினர் வீட்டில் தங்குபவர்கள் கவனம். அங்கே புகையிலைக்குத் தீர்வை விலக்கே கிடையாது. ஒரே ஒரு சுருட்டையும் அறிவிக்க வேண்டும்.

விமானத்தில் கைப்பையில் கொண்டுவாருங்கள். விமானத்துக்குள் காற்று மிகவும் உலர்ந்தது. சின்ன டப்பாவில் 8 கிராம் பொட்டலம் ஒன்று போட்டால் போதும்.

7. வந்ததும் உள்ளே வைக்காதீர்கள்

சமையலறையில் மஞ்சள்தூளிலும் மிளகாய்த்தூளிலும் மல்லியிலும் சின்னதாக, செம்பழுப்பாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு வண்டு வருமே, பார்த்திருப்பீர்கள். அதன் பெயரே புகையிலை வண்டு. சுருட்டைத் துளைப்பதும் அதுவேதான். முட்டை இலைக்குள்ளேயே இருக்கும். 24 டிகிரியைத் தாண்டினால் பொரிக்கத் தொடங்கும். நம் ஊரில் 24 டிகிரியைத் தாண்டாத நாள் எது? ஆகவே குளிர்நாட்டுக்காரர்களுக்கு எப்போதோ வரும் சங்கடம் நமக்குக் காலண்டரில் எழுதி வைக்க வேண்டியது. பெரிய தயாரிப்பாளர்கள் ஏற்றுமதிக்கு முன்பே உறைய வைத்துத்தான் அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகு கிடங்கிலும் கடையிலும் பக்கத்துப் பெட்டியிலிருந்து ஏறியதற்கு யாரும் பொறுப்பில்லை. ஆகவே நான் எல்லாவற்றையும் உறைய வைத்துவிடுகிறேன்.

சுருட்டுகளை ஒரு ஜிப் பையில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றுங்கள். அந்தப் பையை இன்னொரு ஜிப் பைக்குள் வையுங்கள். ஃபிரிட்ஜின் கீழ்ப்பகுதியில் ஒரு நாள், மேலே ஃப்ரீசரில் மூன்று முழு நாள், திரும்பக் கீழே ஒரு நாள், பிறகு அறையில் ஒரு நாள். கடைசிவரை பையைத் திறக்கவே கூடாது. ஒரேயடியாகக் குளிரவைத்தாலும் சூடாக்கினாலும் மேலிலை வெடிக்கும். அதற்காகத்தான் இந்தப் படிப்படி. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரிக்கு இறங்க வேண்டும். பழைய ஒற்றைக்கதவு ஃபிரிட்ஜ்களில் பல அவ்வளவு இறங்காது. ஒரு வெப்பமானி வைத்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் மூன்று நாளை ஐந்தாக்குங்கள். நடுவில் நீண்ட மின்வெட்டு வந்தால் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள்.

பிறகு டப்பாவுக்குள். செலோபேன் உறை இருந்தால் கழற்ற வேண்டாம்; நீராவி அதன் வழியாகப் போய்வரும், வண்டு ஒன்று தப்பிப் பிழைத்தாலும் பக்கத்துச் சுருட்டுக்குத் தாவத் தடையாக இருக்கும். வந்த அன்றே புகைக்க ஆசைப்படுவது பயனில்லை. நான்கு வாரம் விடுங்கள், அதற்குள் இலை 65-க்கு வந்துவிடும்.

காய்ந்து சருகாக வந்து சேர்ந்த சுருட்டை நேராக 69-க்குக் கொண்டுபோகாதீர்கள். உள்ளிலை வேகமாக உப்பி மேலிலையைக் கிழிக்கும். தனி டப்பாவில் 62 பொட்டலத்தோடு ஒரு மாதம் வைத்துவிட்டு, பிறகு 65.

8. பூச்சியும் பூஞ்சணமும்

மேலிலையில் குண்டூசி நுனி அளவுக்கு வட்டமான துளை, டப்பாவின் அடியில் மாவுபோல் தூள்: வண்டு. துளையுள்ளதைத் தூக்கிப் போடுங்கள். மிச்சம் அத்தனையையும் மேலே சொன்னபடி உறைய வையுங்கள். டப்பாவைக் கழுவி வெயிலில் காய வையுங்கள், சிடார் பலகைகளையும் ஃப்ரீசரில் போடுங்கள். மஞ்சள்தூள் டப்பாவையும் ஒரு பார்வை பாருங்கள்.

வெள்ளையாகவோ பச்சையாகவோ நீலமாகவோ பஞ்சுபோல் படிந்திருந்தால் பூஞ்சணம். இது பூஞ்சணமே இல்லை, பழுத்த சுருட்டில் பூக்கும் மெழுகு, நல்ல அறிகுறி என்று விற்பவர் சமாதானம் சொல்வார். அப்படிச் சொல்லப்படுவதில் அநேகமானது பூஞ்சணம்தான். பற்றவைக்கும் முனையில் தெரிந்தால் உள்ளே ஓடியிருக்கும், எறிந்துவிடுங்கள். மேலிலையில் ஓரிரு புள்ளி மட்டும் என்றால் துடைத்துவிட்டுப் புகைப்பவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன், மூச்சுக்குழாய்க்கு ஏற்கெனவே இருக்கும் தொல்லை போதும்.

9. எந்த மாதத்தில் எதைக் கவனிக்க வேண்டும்

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஈரம்தான் பிரச்சினை. செப்டம்பர் இறுதியிலேயே பொட்டலங்களைத் தொட்டுப் பார்த்து, உப்பியதை மாற்றிவிடுங்கள். மழை நாளில் டப்பாவைத் திறந்து வரிசை மாற்றி அழகு பார்க்கும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் டப்பா தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். ஏப்ரல் முதல் ஜூன் வரை வெப்பம்; 65-ஐ எடுத்துவிட்டு 62 பொட்டலம் போட இதுவே நேரம், மார்ச் கடைசியில் செய்தால் இலை மெதுவாக இறங்கிவிடும். இந்த மாதங்களில் வாரம் ஒருமுறை டப்பாவின் அடியில் தூள் தெரிகிறதா என்று வெளியிலிருந்தே பாருங்கள். தெளிவான பிளாஸ்டிக்கில் இது ஒரு வசதி.

கூரியரில் வரவழைப்பதாக இருந்தால் மே மாதத்தைத் தவிருங்கள். வேன்களில் பகல் முழுக்க வெந்துவிட்டு வரும்.

கோயம்புத்தூரில் கோடையின் தொடக்கத்தில் காற்று நன்றாகவே காயும். அங்கே பொட்டலம் விறைப்பதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள், உப்புவதை அல்ல. ஊட்டிக்காரர்களுக்கு வெப்பத் தொல்லையே இல்லை, ஈரம் மட்டும்தான்.

10. செலவு

விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும், சுமாராகச் சொல்கிறேன். கிளிப் டப்பா 600 முதல் 1,000 ரூபாய். டிஜிட்டல் மானி ஒன்று 400-லிருந்து தொடங்குகிறது. புளூடூத் வகை 1,000-ஐத் தாண்டும். 60 கிராம் பொட்டலம் ஒன்றுக்கு 700 முதல் 1,000 வரை ஒதுக்குங்கள். சிடார் பலகை பழைய பெட்டியிலிருந்து இலவசம், உப்பும் தெர்மாக்கோலும் அப்படியே. ஐயாயிரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். காற்று புகாத டப்பாவில் ஒரு பொட்டலம் பல மாதம் தாங்கும். கசியும் மரப்பெட்டியில் இரண்டு, மூன்று மாதத்திலேயே மாற்ற வேண்டியிருக்கும். மரப்பெட்டியின் உண்மையான விலை அந்த மாற்றுச் செலவில் இருக்கிறது.

இதையெல்லாம் படித்த பிறகும் மரப்பெட்டிதான் வேண்டும் என்றால், பெட்டியைப் பதப்படுத்தாமல் சுருட்டை உள்ளே வைக்காதீர்கள். 84 எண் போட்ட பொட்டலங்களை உள்ளே வைத்து 14 நாள் மூடி வையுங்கள், நடுவில் திறக்காமல். ஈரத்துணியால் உட்புறத்தைத் துடைக்கும் பழைய வழக்கம் வேண்டாம்; மரம் முறுக்கிக்கொண்டால் மூடி உட்காராது. மூடியிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பக்கம் கசிகிறது.

மின்சாரத்தில் ஓடும் சிறிய குளிர்பெட்டிகளும் விற்கிறார்கள், பெரும் விலைக்கு. கம்ப்ரஸர் இல்லாத வகைகள் சுற்றியுள்ள வெப்பத்தைவிடக் குறிப்பிட்ட அளவுதான் குறைக்கும். 36 டிகிரி அறையில் அவை நாள் முழுக்க முனகிக்கொண்டிருக்கும். இருநூறு, முந்நூறு சுருட்டு வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

11. ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ பத்து நாள் வீட்டைப் பூட்டினால் ஏசி ஓடாது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே பொட்டலத்தைத் தொட்டுப் பாருங்கள். கிளம்பும் அவசரத்தில் புதிது வாங்க முடியாது. டப்பாவை வீட்டிலேயே குளிர்ந்த அறைக்கு மாற்றித் தெர்மாக்கோல் பெட்டிக்குள் வைத்து, மானியின் உச்ச, தாழ் எண்களை அழித்துவிட்டுக் கிளம்புங்கள். பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டாரிடம் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், டப்பாவைத் திறந்து பார்க்கச் சொல்லாதீர்கள்.

திரும்பி வந்ததும் முதலில் மானியின் உச்ச வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 30 டிகிரியைத் தாண்டியிருந்தால் அடுத்த மூன்று வாரம் அடியில் தூள் சேர்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஏசி போட்டு அறையும் டப்பாவும் ஒரே வெப்பத்துக்கு வர ஓர் இரவு விட்டு, மறுநாள் காலையில் திறங்கள்.